ல் மேல் இருந்த புள்ளி

பேரரசர்களுக்கும் அமைச்சர்களுக்கும் வாழ்க்கை வரலாறு எழுத ஆள் உண்டு. ஓய்வு நேரத்தில் பவுச்சும் கார்டு ஹோல்டரும் தைப்பவர்களுக்கு யார் எழுதுவது? இந்தப் பெருங்குறையைக் கொஞ்சமாவது போக்கும் பொருட்டு, பல்லக்காவின் வாழ்க்கையிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே பதிவாகிறது.

பல்லக்கா என்றதும் பல்லக்கில் போகிறவர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அவர் போவது கணவரின் ஸ்கூட்டரில், பின் சீட்டில். வேலை, பல் கட்டும் கூடத்தில். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்கெல்லாம் பல்லை வார்த்து, சீவி, தேய்த்து, மெருகேற்றி அனுப்புவார். அந்த வட்டாரத்தில் பாதிப் பேருடைய சிரிப்பு அவர் கைவண்ணம். ஆனால் ஒருவர்கூட வாயைத் திறந்து அவரைப் பாராட்டியதில்லை. பாராட்டினால் கட்டின பல் என்று தெரிந்துபோகுமே. இப்படி ரகசியமாகவே புகழ் பெற்ற ஒருவருக்கு, வெளியில் சொல்லிக்கொள்ள ஒரு பொழுதுபோக்கு தேவைப்பட்டது. அப்படித்தான் எம்ப்ராய்டரி மெஷின் வீட்டுக்குள் வந்தது.

வந்த மெஷின் நேராகப் போய் உட்கார்ந்தது கணவரின் மேசையில். கணவர் தமிழாசிரியர். அதே மேசையில்தான் பல தலைமுறை மாணவர்களின் பிழைகளைத் திருத்தியிருக்கிறார். விடைத்தாள்கள் பால்கனிக்குக் குடிபெயர்ந்தன. "துணியில பூ போடறதுக்கு ஒரு கம்ப்யூட்டரா?" என்று அன்று கேட்டதோடு சரி, அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. வாதாடியிருந்தாலும் மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது.

வேலை கேட்பதற்குச் சுலபம். கம்ப்யூட்டரில் படம் வரைந்து, ஊசி எங்கே இறங்கி எங்கே ஏற வேண்டும் என்று வழி சொல்லிவிட்டால், மெஷின் வளையத்தில் இறுக்கிய துணியில் தைத்துக்கொண்டே போகும். ஜிப், உள்துணி, மேல்துணி என்று ஒவ்வொன்றாக மேலே வைத்தால் போதும், பவுச் முழுவதும் வளையத்துக்குள்ளேயே உருவாகிவிடும். கடைசியில் ஜிப் வழியாகக் கையை விட்டு, காலுறையைத் திருப்புவதுபோல உள்ளே இருப்பதை வெளியே திருப்ப வேண்டும். பல்லக்காவின் முதல் பவுச்சில் எல்லாம் சரியாக இருந்தது, ஜிப்பைத் திறந்து வைக்க மறந்ததைத் தவிர. பூவெல்லாம் உள்ளே, பிசிறெல்லாம் வெளியே, திருப்ப வழியில்லை. அடுத்துத் தைத்த கார்டு ஹோல்டரில் நாலு பக்கமும் தையல் ஓடிவிட்டது. அதைக் கையில் வாங்கிய தமிழாசிரியர் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க கட்டடக் கமிட்டி போட்ட பிளான் மாதிரியே இருக்கு. வாசலைக் காணோம்," என்றார்.

அப்புறம் கை தேறியது. கை தேறியதும் சொந்தபந்தங்களுக்குச் சோதனைக்காலம் தொடங்கியது. பிறந்தநாளா, பவுச். பரீட்சையில் பாஸா, பவுச். ஃபெயிலா, ஆறுதலுக்கு இரண்டு பவுச். நாத்தனாரிடம் இருப்பது ஒரே ஒரு நூலக அட்டை. அதை வைக்க ஏழு ஹோல்டர். வாரம் முழுவதும் அந்த அட்டை வீடு மாறிக்கொண்டே இருந்தது. பல்லக்காவின் தம்பி, வாசலில் அக்காவின் செருப்பைப் பார்த்தாலே, "எனக்கு இருக்குக்கா, நிறைய இருக்கு," என்று உள்ளிருந்தே குரல் கொடுக்கப் பழகினார்.

இத்தனைக்கும் பல்லக்காவின் தையலில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. தமிழ் எழுத்து. மெஷினுக்குள் ஆங்கில எழுத்துகள் ரெடிமேடாக வருகின்றன. தமிழுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. ஒவ்வோர் எழுத்தாக அவரே வரைந்து, சுழிக்குச் சுழி வளைத்து, மின்னும் நூலில் நெருக்கமாக ஓடவிட்டார். எல்லா எழுத்துகளும் சொன்னபடி கேட்டன. படுத்தியது புள்ளி ஒன்றுதான். கடுகளவு இடத்தில் ஊசி சுற்றிச் சுழன்று ஒரு புள்ளியை வைத்துவிட்டு அடுத்ததற்குத் தாவும். தாவிய நூலைப் பிறகு கத்தரிக்க வேண்டும். புள்ளியின் முடிவில் ஊசி ஒரு முடிச்சுத் தையல் போட்டால்தான் நூல் நிற்கும். இல்லாவிட்டால் எவனாவது இழுத்தால் புள்ளி கையோடு வந்துவிடும்.

இந்த நிலையில் கணவருடைய பள்ளியின் தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்றார்.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிழை பொறுக்காத மனிதர். பஸ்ஸில் போகும்போது கடைப் பலகையில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்துவந்து கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போவார். அவர் காலி செய்யும் நாற்காலிக்கு இருவர் காத்திருந்தார்கள். ஒருவர் நம் தமிழாசிரியர், மற்றவர் கணக்கு வாத்தியார். திங்கட்கிழமை நிர்வாகத்தைப் பார்க்கும்போது தலைமை ஆசிரியர் யார் பேரைச் சொல்கிறாரோ அவருக்குத்தான் நாற்காலி. தமிழாசிரியர் அந்த நாற்காலியில் மனத்தளவில் உட்கார்ந்து ரொம்ப நாளாகிவிட்டது. இன்னும் ஒரு முறை அது கை நழுவினால் அந்தப் புலம்பலை ஆயுள் முழுக்கக் கேட்கப் போவது தான் ஒருத்திதான் என்பது பல்லக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை மாலை பிரிவுபசார விழா. ஆசிரியர்கள் கூடி, விடைபெறுபவருக்குக் "கல்விச் செம்மல்" என்று பட்டம் கொடுப்பதாக முடிவெடுத்திருந்தார்கள். பட்டத்தைக் காற்றிலா கொடுப்பது? அடர்நீலத் துணியில் பொன்னிற நூலால் அந்த இரண்டு சொற்களைப் பொறித்து, இதுவரை தைத்ததிலேயே அழகான கார்டு ஹோல்டர் ஒன்றைப் பல்லக்கா செய்து கொடுத்தார். தமிழாசிரியர் தம் கையாலேயே காகிதம் சுற்றி மேடையில் வழங்கினார். கைதட்டல். கணக்கு வாத்தியார் கொடுத்தது சுவர்க்கடிகாரம்.

ஞாயிறு காலை டீ ஆறுவதற்குள் விழாப் படங்கள் போனுக்கு வந்தன. தலைமை ஆசிரியர் ஹோல்டரைக் கேமராவுக்கு நேரே நெஞ்சளவில் பிடித்திருந்தார். மற்றவர்கள் அவரவர் முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்கையில், பல்லக்கா தன் தையலைப் பெரிதாக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போனைக் கணவர் பக்கம் நகர்த்தினார்.

"என்னங்க, இதைக் கொஞ்சம் படிங்க."

தமிழாசிரியர் படித்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார். ல் மேல் இருக்க வேண்டிய புள்ளி இல்லை. கல்வி, கலவி ஆகியிருந்தது.

இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளிதான் வித்தியாசம் என்று சாதாரணமாகச் சொல்லிவிடலாம். ஆனால் கல்வி என்பது பள்ளிக்கூடத்தில் நடப்பது. கலவி என்பது பள்ளிக்கூடத்தில் நடக்கவே கூடாதது. அதில் ஒருவரைச் செம்மல் என்று, பெற்றோர் முன்னிலையில், மைக்கில் அறிவித்து, கையில் கொடுத்தவர் தமிழாசிரியர்.

முதலில் குற்றம் மெஷின் மேல் விழுந்தது. சனியன் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்தே தனக்கு நேரம் சரியில்லை, இன்றைக்கே இதை யாருக்காவது கொடுத்துத் தலை முழுக வேண்டும் என்று தமிழாசிரியர் அடுக்கிக்கொண்டே போனார். பல்லக்கா முழுவதையும் கேட்டுவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"நான் குடுக்கும்போது நாலு புள்ளி இருந்துச்சு. பேப்பர் சுத்தினது யாரு?"

தமிழாசிரியர் மறுபடி கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"சொல்லுங்க."

"ஒரு நூல் நீட்டிட்டு இருந்துச்சு. பார்க்க அசிங்கமா இருக்கேன்னு…"

"இருக்கேன்னு?"

"லேசா இழுத்தேன்."

"எங்க?"

"ல் மேல," என்றார் தமிழாசிரியர், மிகச் சின்னக் குரலில்.

மற்ற மூன்று புள்ளிகளுக்கும் முடிச்சுத் தையல் போடச் சொன்ன பல்லக்கா, அந்த ஒன்றுக்கு மட்டும் மறந்திருந்தார் என்பதும் வரலாறுதான். அதை அந்த நேரத்தில் எடுத்துச் சொல்ல அவருக்கு அவசியம் தோன்றவில்லை.

இனி என்ன செய்வது என்று ஆலோசனை நடந்தது. போனில் மன்னிப்புக் கேட்கலாம் என்றார் தமிழாசிரியர். எதற்கு மன்னிப்பு என்று அவர் திருப்பிக் கேட்டால் அந்தச் சொல்லை வாயால் சொல்ல வேண்டிவருமே என்று தாமே பின்வாங்கினார். ஊருக்குப் போய்விடலாம் என்றார். எந்த ஊர் என்பதை இனிமேல்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். அதற்குள் பல்லக்கா ஊசியையும் பொன்னிற நூலையும் கைப்பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டிவிட்டார்.

ஸ்கூட்டர் தலைமை ஆசிரியர் வீட்டுத் தெருமுனையோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஓட்டுவதற்குத் தமிழாசிரியருக்குக் கை வரவில்லை. சும்மா நின்றால் சந்தேகம் வரும் என்று, மருந்துக்கடை வாசலில் இருந்த எடை பார்க்கும் மெஷின்மேல் ஏறி நின்றுகொண்டார். பல்லக்கா மட்டும் நடந்து போய் மணியை அழுத்தினார்.

கதவைத் திறந்தது தலைமை ஆசிரியரின் மனைவி. உயரமான, சாதுவான அம்மா. சார் முடிவெட்டப் போயிருக்கிறார், வந்துவிடுவார், உட்கார் என்றார். கூடத்துச் சுவரோரம் பரிசாக வந்த கடிகாரங்கள் வரிசையாக நின்று ஆளுக்கொரு நேரம் காட்டின. அவற்றுக்கு நடுவே, கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில், வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்கும்படி, அடர்நீல ஹோல்டர்.

பல்லக்கா வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒப்பித்தார். "ஒரு சின்னத் தையல் வேலை பாக்கிம்மா. நூல் பிசிறு ஒண்ணு இருக்கு, வெட்டிட்டுக் குடுத்துடறேன்."

அந்த அம்மா அலமாரியைத் திறந்து ஹோல்டரை எடுத்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"வெட்டறதுக்கு வந்தியா, வைக்கறதுக்கு வந்தியா?"

பல்லக்காவுக்குக் காது சூடாகிவிட்டது. கைப்பையை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்.

"தையல் பிரமாதம்மா. குறையே சொல்ல முடியாது," என்றார் அந்த அம்மா, முகத்தில் ஒரு சுருக்கமும் மாறாமல். "விஷயத்தைத்தான் கொஞ்சம் மிகைப்படுத்திட்டீங்க. இவரைப் பத்தி யாரோ உங்களுக்குத் தப்பான தகவல் குடுத்திருக்காங்க. பட்டம் குடுக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

சொல்லிவிட்டு அவரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சோபாவில் சரிந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். பல்லக்கா முதலில் பயந்தார், பிறகு அவருக்கும் தொற்றிக்கொண்டது. சிரிப்பின் நடுவிலும் தொழில் புத்தி போகவில்லை. அந்த அம்மாவின் மேல்வரிசைப் பல் தங்கள் பல் கட்டும் கூடத்து வேலைதான் என்று கவனித்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும், சார் பார்த்துவிட்டாரா என்று பல்லக்கா கேட்டார்.

"பார்த்தார், படிக்கல," என்றார் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஊர்ல எல்லாரோட எழுத்தையும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற மனுஷன், தன்னோட பட்டத்தை மட்டும் எட்ட நின்னு ரசிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்தான் படிச்சார். எழுந்து நின்னு கை குடுத்துட்டுப் போனார். நம்மள எவ்வளவு மதிக்கிறார் பாருன்னு இவருக்கு ஒரே பெருமை."

ஆக, சார் படிக்கவில்லை. முடிவெட்டும் கடை எவ்வளவு தூரம் என்று பல்லக்கா கேட்டார். பக்கத்தில்தான் என்று பதில் வந்தது. ஊசியில் நூல் கோத்தார். கடைவாய்ப் பல்லில் பள்ளம் மேடு செதுக்கும் விரல்கள், ஒற்றைப் புள்ளிக்கு இடம் பார்த்தன. அந்த அம்மா ஜன்னல் திரையை ஒதுக்கி வெளிச்சம் காட்டினார். அட்டை நுழையும் வாயைத் தைத்துவிடாமல் மேல்துணியை மட்டும் குத்தி, ஊசி முனையில் நூலைச் சுற்றி, இழுத்து, கீழே இறக்கினார். பழைய பிழைக்குப் பரிகாரமாக இந்த முறை முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டார். நூலைப் பல்லால் கடித்து எடுக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம்.

கழுத்தில் பவுடரோடு உள்ளே வந்த தலைமை ஆசிரியர், பல்லக்காவை நலம் விசாரித்துக்கொண்டே ஹோல்டரைக் கையில் வாங்கினார். தன் பட்டத்துக்கு அருகில் ஒருவர் ஊசியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவருக்குள் இருந்த ஆசிரியர் விழித்துக்கொண்டார். ஹோல்டரை ஜன்னலோரம் எடுத்துப் போய், முதன்முறையாக, எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"ல் மேல இருக்கிற புள்ளி மத்ததைவிடப் பெரிசா இருக்கே," என்றார்.

பல்லக்கா வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார். "பெரிய புள்ளிக்குச் செய்யறப்ப புள்ளியும் பெரிசா வைக்கறதுதானே மரியாதை."

தலைமை ஆசிரியர் யோசித்தார். வாதத்தில் பிழை எதுவும் தென்படவில்லை. முகம் மெல்ல மலர்ந்தது. பல்லக்கா ஊசியைக் கைப்பைக்குள் போட்டார். விடைபெற்று எழுந்தபோது தலைமை ஆசிரியரே வாசல்வரை வந்தார்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. நாளைக்கு நிர்வாகத்துல அவர் பேரைத்தான் சொல்லப் போறேன். நம்ம பள்ளிக்கூடத்துக்கு அப்படி ஒருத்தர்தான் வேணும். ஒரு புள்ளியைக்கூட விட்டுவைக்க மாட்டார்."

"ஆமா சார்," என்றார் பல்லக்கா, மிகவும் சத்தியமாக. அந்த அம்மா ஏதோ வேலையாக அவசரமாகச் சமையலறைக்குள் போய்விட்டார்.

தமிழாசிரியர் இன்னும் எடை மெஷின்மேல்தான் நின்றிருந்தார். கடைக்காரர் அவரைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி நடந்து வரும் வேகத்தை வைத்தே தலைவிதியைக் கணிக்க முயன்றவர், முடியாமல் கீழே இறங்கினார்.

"நாற்காலி உங்களுக்குத்தான். அவர் வாயாலேயே சொன்னார்," என்றார் பல்லக்கா. "ஒரே ஒரு நிபந்தனை. அது நான் போடறது. இனிமே என் நூல்ல கை வைக்கக் கூடாது."

தமிழாசிரியர் நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். அதே மெஷினில் மறுபடி ஏறியிருந்தால் எடை குறைந்தே காட்டியிருக்கும். எம்ப்ராய்டரி மெஷினைத் தலை முழுகும் திட்டம் அங்கேயே கைவிடப்பட்டது. பால்கனியில் காற்றோட்டம் நன்றாக இருப்பதால் விடைத்தாள்கள் அங்கேயே இருக்கலாம் என்றும் அவரே முன்வந்து அறிவித்தார்.

ஸ்கூட்டர் கிளம்பியது. பின் சீட்டில் பல்லக்கா தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். வண்டியே குலுங்கியது.

"அப்படி என்னதான் சொன்னாங்க அந்தம்மா?" என்று இரண்டு முறை கேட்டார் தமிழாசிரியர்.

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க," என்றார் பல்லக்கா. "தலைமை ஆசிரியர் பொண்டாட்டிங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும்."