ஓனருக்குத் தலைப்பாகை

எங்கள் தொழிலில் விற்கிற சரக்கு ஒன்றே ஒன்றுதான்: "கேட்டுப் பார்க்கிறேன்."

பெங்களூர் நீலசந்திராவில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் டிரஸ்ட். வாடகை கட்ட முடியாதவர்கள், கரண்ட் பில் பாக்கி விழுந்தவர்கள், திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்தவர்கள் எல்லாம் மூச்சு வாங்கப் படியேறி வருவார்கள். சுற்றுவட்டாரத்தில் யார் எதற்கு உதவுவார்கள் என்று விசாரித்து, கேட்கிறவரையும் கொடுக்கிறவரையும் சேர்த்துவைப்பது என் வேலை. கல்யாணத் தரகர் உத்தியோகம் மாதிரிதான். கமிஷன் கிடையாது, திட்டு மட்டும் இரண்டு பக்கமும் உண்டு. பேங்கிலோ ஆஸ்பத்திரியிலோ ரேஷன் ஆபீசிலோ மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, நாள் முழுக்க "இல்லைங்க" சொல்லி வாய் வலித்த அன்பர்களே, உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரி

தனக்கு உதவி வேண்டும் என்று யாரும் எங்கள் படியேறி வருவதில்லை. எல்லோரும் பக்கத்து வீட்டுக்காரருக்காகத்தான் வருவார்கள். நீலசந்திரா முழுக்கவே பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் கஷ்டப்படுகிறார்கள் என்று புதிதாக வருகிறவர் நினைத்துக்கொள்வார். நான் பழையவள். தலையை ஆட்டிக்கொண்டே கேட்பேன்.

சரசுவும் அப்படித்தான் வந்தாள். கார்மெண்ட்ஸில் தையல் வேலை. அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு வந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியின் புருஷன் ஆட்டோ ஓட்டுகிறவராம். ஆட்டோ கவிழ்ந்து கால் முறிந்து, பிளேட் வைத்துப் படுத்திருக்கிறாராம். மூன்று மாத வாடகை பாக்கி. கொடுத்திருந்த அட்வான்ஸும் அதற்கு முந்தைய பாக்கியிலேயே கரைந்துவிட்டது. வருகிற ஒன்றாம் தேதி வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார் ஓனர். பெண்ணுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்குகிறது. அட்வான்ஸ் இல்லாமல் பெங்களூரில் ஒரு கோழிக்கூண்டுகூட வாடகைக்குக் கிடைக்காது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காலி செய்தால் அந்தக் குடும்பம் நேராகத் தெருவுக்குத்தான் வர வேண்டும்.

டாக்டர் என்ன சொன்னார், பெண் எந்தப் பாடத்தில் வீக், இரவில் புருஷன் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் வலிக்கிறது என்பதுவரை சொன்னாள். "பக்கத்து வீட்டைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கியே" என்றேன். கழுத்திலிருந்த அட்டையைத் திருப்பிப் பெயரை மறைத்தாள். அப்புறம் சொன்னாள்: "அந்தப் பக்கத்து வீட்டுக்காரி பேரும் சரசுதான் மேடம், எழுதிக்கோங்க."

மூன்று சாமிகள்

உதவி செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் ஒரு சாமானைத்தான் கொடுப்பார்கள். அரிசி கொடுக்கிறவரிடம் மருந்து கேட்கக் கூடாது. மருந்து கொடுக்கிறவரிடம் ஸ்கூல் ஃபீஸ் பேச்சையே எடுக்கக் கூடாது. இதெல்லாம் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. நாலு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் நானும் கற்றுக்கொண்டேன்.

சரசுவுக்காக இரண்டு நாள் போனும் கையுமாக இருந்தேன். சர்ச் சங்கத்தில் ஒரு மாத மளிகை தருகிறோம் என்றார்கள். மசூதிக் கமிட்டியில் கேட்டால், ஆஸ்பத்திரி பாக்கியையும் மாத்திரைச் செலவையும் ஏற்றுக்கொண்டார்கள். பேஷண்ட் பெயர் முருகேசன் என்று சொன்னேன். அதனால் என்னம்மா, கால் கால்தானே என்று போனை வைத்துவிட்டார் கமிட்டித் தலைவர். மாரியம்மன் கோயில்காரர்கள் கரண்ட் பில்லைக் கட்டிவிட்டார்கள். வாடகை என்று ஆரம்பித்ததும் மட்டும் மூன்று இடத்திலும் ஒரே பதில்தான்: "அது மாசாமாசம் வருமேம்மா."

செய்தியைச் சொல்ல நேரில் போனேன். கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் நீட்டிப் படுத்திருந்த முருகேசன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். கால் உடைந்தவர் சிரித்தால் மனசுக்கு எவ்வளவு தெம்பாக இருக்கிறது தெரியுமா? அவர் சொன்னார்: "என் கால் உடைஞ்சதுல மூணு சாமியும் ஒண்ணாயிட்டாங்க மேடம், ஆனா வாடகைன்னா மட்டும் மூணு பேரும் கண்ண மூடிக்கிறாங்க."

எது எமர்ஜென்சி?

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது சரசு கதை இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

எங்கள் பலகையில் "அவசர உதவி" என்று எழுதியிருக்கும். எது அவசரம் என்று விளக்காமல் விட்டது பெரிய தப்பு. அதே வாரத்தில் ஒருவர் பதறிப்போய்ப் படியேறி வந்தார். சட்டை நனைந்திருந்தது. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். மறுநாள் ஆனேக்கல்லில் மச்சினிக்குக் கல்யாணமாம். மோதிரம் போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாராம். உயிர் போகிற காரியத்துக்குத்தான் இந்த நிதி என்று நான் பொறுமையாக விளக்கினேன். அவர் அதைவிடப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க என் மாமியாரப் பார்த்ததில்ல மேடம், அதான் இப்படிப் பேசுறீங்க."

ட்ரெஷரர் உட்கார்ந்த நாற்காலி

டிரஸ்டில் வாடகைக்கென்று சின்னதாக ஒரு நிதி இருக்கிறது. அதைத் தொட வேண்டுமானால் எங்கள் ட்ரெஷரர் ரங்கநாதன் சார் வீட்டை நேரில் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிற குடும்பம். அரசாங்கக் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர்தான், அவருடைய சந்தேகம் இன்னும் சர்வீஸில் இருக்கிறது.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், ஆள் வருகிறார் என்றால் ஏழைகள் டிவியை ஒளித்துவைப்பார்கள் என்று நினைக்கிறார்கள். எங்கள் சந்துகளில் நடப்பது நேர் எதிர். பெரிய மனுஷர் வீட்டுக்கு வருகிறார், அவரை நிற்கவைப்பதா என்று தெருவெல்லாம் அலைந்து சாமான்களை இரவல் வாங்கி வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது சரசுவின் ஒற்றை அறையில் இரண்டு குஷன் நாற்காலி, ஸ்டாண்ட் ஃபேன், பூப்போட்ட டிரேயில் ஆப்பிள் துண்டுகள், கண்ணாடி டம்ளரில் பாதாம் பால். ரங்கநாதன் சார் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நாலா பக்கமும் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்து, "நம்ம ஆபீசுல ஃபேன் இல்லையேம்மா" என்றார். போச்சு, வாடகை போச்சு, பெண்ணின் பரீட்சையும் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது எதிர் வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். "சரசு, டிரேயைக் குடுடி, எங்க பொண்ணப் பார்க்க வந்துட்டாங்க." ஆப்பிள் துண்டுகள் ஒரு எவர்சில்வர் தட்டுக்கு மாறின. ஐந்து நிமிஷம் கழித்து கீழ் வீட்டு ஆள் வந்தார். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர், பாதிக் கண் மூடியபடியே ஃபேனைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு போனார். சரசு முகத்தில் ஈயாடவில்லை. மூன்றாவதாக வந்தவர் எதுவும் கேட்காமல் வாசலில் நின்று தயங்கினார். அவர் பார்வை நாற்காலிமேலேயே இருந்தது. ரங்கநாதன் சார் மெல்ல எழுந்தார். இரண்டு நாற்காலியும் போயின. அவர் வேட்டியை மடித்துக்கொண்டு முருகேசன் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, ஓர் ஆப்பிள் துண்டை எடுத்துக் கடித்தபடி என்னிடம் சொன்னார்: "உட்கார்ந்திருந்த நாற்காலியே போயிடுத்து, இதுக்கு மேல என்னம்மா வெரிஃபிகேஷன்?"

செக்கில் இருக்கிற பெயர்

எங்கள் விதிப்படி வாடகைப் பணம் குடியிருப்பவர் கைக்குப் போகாது. ஓனர் பெயரில் செக்காகத்தான் போகும். எல்லா ஓனரும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். சரசுவின் ஓனர் முனிராஜு மட்டும் செக்கைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

மனுஷர் கெட்டவர் இல்லை. நாலு வாடகை வீடு, வெள்ளை வேட்டி, நெற்றியில் குங்குமம். கட்டிடத்தில் அவர் முதல் மாடி, சரசு குடும்பம் அதற்கும் மேலே ஷீட் போட்ட அறையில். பிரச்சினை என்னவென்றால், செக்கில் எங்கள் டிரஸ்டின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது: ஏழைகள் சகாய நிதி. அதற்குக் கீழேயே முனிராஜு என்று அவர் பெயர். பேங்கில் அவருடைய மச்சான் வேலை பார்க்கிறாராம். ஒன்றாம் தேதிக்கு நாலே நாள் இருந்தது. பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டதாகச் சரசு காலையில்தான் போன் பண்ணியிருந்தாள். நான் கெஞ்சினேன், சட்டம் பேசினேன், கன்னடத்திலும் ஒரு ரவுண்டு கெஞ்சினேன். அவர் அசையவில்லை. "காசா குடும்மா, வாங்கிக்கிறேன். இந்த செக்கை நான் போட்டா, என் மச்சான் சாயங்காலமே அரிசி மூட்டையோட மனே வாசல்ல வந்து நிப்பான்!"

மரியாதை

தோற்றுப்போய் ஆபீசுக்கு வந்து ரங்கநாதன் சாரிடம் சொன்னேன். இதற்குள் சரசுவின் விஷயம் அவருக்குச் சொந்த விஷயம் ஆகியிருந்தது. பாயில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றவர் அல்லவா. பிறகு பீரோவைத் திறந்து ஒரு சால்வையையும் சரிகைக்கரை போட்ட மைசூர்த் தலைப்பாகையையும் எடுத்தார். போன ஆண்டுவிழாவுக்கு வராமல் ஏமாற்றிய சிறப்பு விருந்தினருக்காக வாங்கியது.

இந்த ஊரில் ஒருவரை மேடையேற்றி, சால்வை போர்த்தி, தலைப்பாகை கட்டி, பழத்தட்டைக் கையில் கொடுத்துவிட்டால் அவர் அடுத்த ஒரு வருஷத்துக்கு நல்லவராகத்தான் இருந்தாக வேண்டும். மறுபடியும் முனிராஜுவிடம் போனேன். கஷ்ட காலத்தில் குடித்தனக்காரரிடம் பொறுமை காட்டிய உரிமையாளர் என்று உங்களை டிரஸ்ட் கௌரவிக்க விரும்புகிறது, பெண்ணின் பரீட்சை முடிந்து முருகேசன் ஆட்டோ எடுக்கிறவரை அவர்கள் இருக்கட்டும், செக் அந்தப் பாராட்டோடு சேர்ந்து வரும் என்றேன். அவர் வெகுநேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். போட்டோ உண்டா? உண்டு என்றேன்.

மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டு வாசலிலேயே நடந்தது. மாலை மட்டும் வாங்கவில்லை. முகூர்த்த நாள், விலையைக் கேட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டேன். சந்து முழுக்கக் கூடி நின்று கைதட்டியது. சரசுதான் பழத்தட்டைக் கொடுத்தாள். தலைப்பாகை தலையில் ஏறியதும் முனிராஜு ஓர் அங்குலம் உயர்ந்துவிட்டார். மைக்கே இல்லாத இடத்தில் மைக் பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு, மூன்று மாத பாக்கியில் ஒரு மாதத்தைத் தானே விட்டுக்கொடுப்பதாக அறிவித்தார். நாங்கள் கேட்கவே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முதல் மாடிப் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி மட்டும் கைதட்டவில்லை. கோலார் பக்கத்துத் தமிழம்மா. கீழே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தலப்பாக்கே ஒரு மாசம் போச்சு, நல்லவேள மாலை போடல, போட்டிருந்தா வீட்டையே எழுதிக் குடுத்திருப்பாரு!"

செருப்புச் சத்தம்

பரீட்சை முடிந்த வாரம் சரசு வந்தாள். முருகேசன் ஆட்டோ எடுக்க ஆரம்பித்துவிட்டார், இந்த மாத வாடகையும் கட்டியாயிற்று என்றாள். அதைச் சொல்வதற்காக ஒருத்தி அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு மாடியேறி வருவாளா? வேறு என்ன என்று நானே கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். உட்கார்ந்தாள். அடையாள அட்டையின் கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் சொன்னாள்: "அந்த மூணு மாசமும் படியில செருப்புச் சத்தம் கேட்டாப் போதும்க்கா, ஓனருன்னு லைட்ட அணைச்சுட்டு மூணு பேரும் மூச்சு விடாம உக்காந்திருப்போம். பாதிப் பாடத்த என் பொண்ணு போர்வைக்குள்ள செல்போன் வெளிச்சத்துலதான் படிச்சா. நேத்து சத்தம் கேட்டுச்சு. என் கை தானா சுவிட்சுக்குப் போயிடுச்சு. அவ போய்க் கதவத் தொறந்து, 'உள்ள வாங்க அங்கிள்'னா. தலப்பா கட்டின போட்டோவ ஃப்ரேம் போட்டு எங்களுக்குக் காட்ட வந்திருக்காரு. அவரு போனப்புறம்தான்க்கா எனக்கு அழுகையே வந்துச்சு."

எல்லா ஓனருக்கும் இது பொருந்தும் போலிருக்கிறதே என்று நம்பி, அன்று மாலை என் வீட்டு ஓனர் படியேறி வந்தபோது நானும் கதவை அகலத் திறந்து "உள்ள வாங்க சார்" என்றேன். வந்தவர் காபி குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வாடகையை ஏற்றிவிட்டுப் போனார்.