கடைசி வரிசையில் ஒரு கை

ஒரு கீபோர்டுக்குள் எத்தனை வாத்தியங்கள் இருக்கும் என்று கேட்டால் என் பிள்ளைகள் பட்டனை எண்ணிச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் வயதில் நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். அந்தக் கறுப்புப் பெட்டிக்குள், தோட்டத்து வரிசை வீடுகள் மாதிரியே ஒரு சின்ன லயம் இருக்கிறது, வீட்டுக்கு வீடு ஒரு வாத்தியம் படுத்துத் தூங்குகிறது, நான் பட்டனை அழுத்தினால் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறது. இப்படித்தான் நம்பினேன்.

எங்கள் தோட்டம் கோலா சிலாங்கூர் போகிற வழியில் இருந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் செம்பனை. மரங்களுக்கு மேலே எண்ணெய் ஆலையின் புகை மட்டும் தெரியும். அப்பா அந்த ஆலையில் பாய்லர் பக்கம் வேலை செய்தார். கிள்ளானில் பாட்டுக் குழுவில் வாசிக்கும் மாமா புதுக் கீபோர்டு வாங்கியபோது பழையதை எனக்குக் கொடுத்துவிட்டார். அதில் எனக்கு மிகவும் பிடித்தது மணி என்கிற சத்தம். வலது கைப் பக்கத்துக் கடைசிக் கட்டைகளில் அதை வாசித்தால், தகரக் கூரையில் முதல் மழைத்துளிகள் விழுவது போல இருக்கும்.

நான் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது அத்தைக்குக் கல்யாணம் வந்தது. அப்பாவின் ஒரே தங்கை. காலையில் கோயிலில் தாலி, மதியம் தோட்டத்து மண்டபத்தில் விருந்து. மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது நான்தான் வாசிக்க வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டார்.

“நான் உள்ள வரும்போது அந்த மணி சத்தம் வரணும்டா. மறந்துடாத. அதுக்காகத்தான் மெதுவா நடக்கப் போறேன்.”

அன்றிலிருந்து எனக்குத் தூக்கத்திலும் மணிதான்.

கீபோர்டில் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓர் எண் உண்டு. எண்ணை ஏற்றினால் அந்தச் சத்தம் கூடும். நூற்று இருபத்தேழுக்கு மேல் போகாது. நான் நியாயமாக எல்லாவற்றுக்கும் நூறு வைத்தேன். வயலின் காட்டுக்கத்தல் கத்தியது, புல்லாங்குழல் அதற்குள் முங்கிப் போனது. மாமாவுக்குப் போன் போட்டேன்.

“நம்பர பாத்து வைக்காத லா,” என்றார். “பெரிய ஸ்பீக்கர்ல எல்லாம் மாறிப்போவும். ஸ்பீக்கருக்குப் பின்னால நிக்கிற உனக்கும் சரியா கேக்காது. கடைசி வரிசையில ஒருத்தர உக்கார வை. அவரு காதுதான் கணக்கு.”

அந்த ஒருத்தர் அப்பா. சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து நேராக மண்டபத்துக்கு வந்து, கடைசி வரிசைச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தார். சத்தம் போதவில்லை என்றால் கையைத் தூக்க வேண்டும், நன்றாகக் கேட்டால் இறக்க வேண்டும். அதுதான் எங்கள் ஏற்பாடு. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினார்.

வயலினுக்கு அறுபதிலேயே கை இறங்கிவிட்டது. பியானோவுக்கு எழுபது. புல்லாங்குழலுக்குத் தொண்ணூற்றைந்து. மணிக்கு நூறு வைத்தேன், கை இறங்கவில்லை. நூற்றுப் பத்து வைத்தேன், அப்போதும் இல்லை. நூற்று இருபது வைத்தபோது வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனது. கை அப்படியே இருந்தது. நூற்று இருபத்தைந்தில்தான் மெல்ல மெல்ல இறங்கியது. அப்பா கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

“ஆங்... இப்ப வருது தம்பி. நல்லா இருக்கு. அப்படியே வச்சுக்க.”

அந்த நீளமான காலி மண்டபமும், ஜன்னல் வெளிச்சத்தில் மிதந்த தூசியும், கடைசியில் சிரித்தபடி உட்கார்ந்திருந்த அப்பாவும் இப்போதும் கனவில் வருவது உண்டு.

மறுநாள் மண்டபம் நிறைய ஆட்கள். வாசலில் அத்தை. புல்லாங்குழலில் தொடங்கினேன். அத்தை வலது காலை எடுத்து வைத்ததும் மணியைத் தட்டினேன்.

மண்டபம் கிழிந்துவிட்டது போல இருந்தது. குழந்தைகள் ஒன்றாக வீறிட்டு அழுதன. பெரியம்மா முந்தானையால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளை எடுத்து வைத்த காலை அப்படியே நிறுத்திவிட்டார். “டேய், பொம்பா வண்டி வந்துருச்சா? எங்கடா தீ?” என்று யாரோ கத்த, எல்லாரும் சிரித்தார்கள். அத்தையின் முகம் வாடிப்போனதைப் பார்த்தேன்.

மாமா பாய்ந்து வந்து மணியை நாற்பதுக்கு இறக்கினார்.

“யார்ரா இப்படி வைக்கச் சொன்னது?”

“அப்பாதான்!” என்றேன், எல்லாருக்கும் கேட்கட்டும் என்று.

மாமா கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “சரி, நீ வாசி,” என்று மட்டும் சொல்லி என் தோளைத் தட்டினார்.

பல வருடங்கள் கழித்துத்தான் அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். பாய்லர் இரைச்சலில் மெல்லிய, உயர்ந்த சத்தங்களெல்லாம் அவர் காதைவிட்டு எப்போதோ போய்விட்டன என்று டாக்டர் சொன்னார். அணில் கத்துவது, கொலுசு, மணி, எதுவும் கேட்காது. அந்தச் சனிக்கிழமை ஒருவேளை அவர் பல காலம் கழித்து ஒரு மணியைக் கேட்டிருப்பார்.

ஆனால் கல்யாணத்தன்று எனக்கு அது தெரியாது. திரும்பவும் வாசித்தேன். நாற்பதில் மணி பஞ்சு போல விழுந்தது. அத்தை சிரித்துக்கொண்டே, சொன்னபடி மெதுவாக நடந்து வந்தார். தற்செயலாக நிமிர்ந்தேன். எல்லாத் தலைகளுக்கும் மேலே, கடைசி வரிசையில், அப்பாவின் கை தூக்கியபடி இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு ஆன பிறகுமா? பார்க்காதது போலக் குனிந்து கட்டைகளையே பார்த்து வாசித்தேன்.

அத்தை மேடைக்கு வந்ததும் மறுபடியும் பார்த்தேன். கை இறங்கியிருந்தது. இறங்கினால் நன்றாகக் கேட்கிறது என்று அர்த்தம், அதுதானே எங்கள் ஏற்பாடு. நிம்மதியாக அடுத்த பாட்டைத் தொடங்கினேன்.