நெய்வேலியில் நின்றுபோன மருந்து மெஷின்

காலை ஆறரை மணிக்கு விருத்தாசலத்திலிருந்து கடலூர் வண்டி கிளம்பியது. நெய்வேலி பதினாலு மைல்தான். அதற்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அறுபத்து நாலாம் வருஷம், தை மாதம். கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்ததில் கால் இரண்டும் வீங்கியிருந்தன.

கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த கடையில் மருந்தடிக்கும் மெஷின் விற்றோம். முதுகில் மாட்டிக்கொள்ள வேண்டிய சின்ன பெட்ரோல் என்ஜின். கயிற்றை இழுத்தால் ஓடும், குழாய் வழியே மருந்து புகையாய்ச் சீறும். நெய்வேலிக் குடியிருப்பில் கொசு மருந்தடிக்கும் கான்ட்ராக்ட் எடுத்திருந்த சதாசிவம் ஒன்று வாங்கியிருந்தார். ஸ்லோவில் விட்டால் என்ஜின் உதறுகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றே போகிறது, ஆள் அனுப்பவும் என்று தந்தி அடித்திருந்தார். ரிப்பேர் பையோடு நான் வந்தேன்.

எதிரே காடாம்புலியூர் முந்திரி வியாபாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். நெய்வேலி எனக்குப் புதிது என்று தெரிந்ததும் சொன்னார்: "மொதல்ல சாப்ட்டுட்டு அப்புறமா மைன்ஸப் போய்ப் பாருங்க. பாத்துட்டீங்கன்னா சோறு எறங்காது."

ஸ்டேஷனுக்கு ஜீப்போடு வந்த சதாசிவம், முதலில் ஊரைப் பாருங்கள் என்று நேரே சுரங்கத்துக்குத்தான் அழைத்துப் போனார். சுரங்கம் என்றதும் இருட்டான பொந்து ஒன்றை மனதில் வைத்திருந்தேன். விளிம்பில் நின்றதும் கை தானாக ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டது. பூமியே இல்லை. அடிவானம்வரை வெட்டிய மண், படிப்படியாகக் கீழே இறங்கிப் போயிற்று. மில் புகைபோக்கி உயரத்துக்கு ஓர் இரும்பு யந்திரம் பல்சக்கரத்தால் கரையைக் கடித்துக்கொண்டிருந்தது. அதன் காலடியில் நின்ற லாரி தீப்பெட்டியாய்த் தெரிந்தது. அடியிலிருந்து ஊற்று பொத்துக்கொண்டு வராமல் இருக்க, இரவும் பகலும் தண்ணீரை இறைத்து வெளியே விடுகிறார்களாம். கால்வாயில் ஓர் ஆறே ஓடியது.

பத்து மணிக்குக் குடியிருப்பில் ஒரு பிளாக்கின் கடைசியில் இருந்த கொட்டகைக்குப் போனோம். மெஷினைச் சுமக்கும் ஆள் கலியபெருமாள் அங்கே நின்றிருந்தார். முப்பது வயதிருக்கும். சதாசிவம் அவரை "டேய் கலியா" என்றுதான் கூப்பிட்டார்.

பிளக்கைக் கழற்றினேன், கரி இல்லை. காற்று வடிகட்டியில் நிலக்கரித் தூசி அப்பியிருந்தது, தட்டினேன். கார்புரேட்டரைப் பிரித்துச் சின்னத் துளைகளை ஊதிப் பூட்டினேன். கயிற்றை இழுத்ததும் நன்றாகத்தான் ஓடியது. ஐந்தாறு நிமிஷம் போனதும் உதறி நின்றது. பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகியபோது 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். காற்று போக வேண்டிய ஊசித்துளையில் சலவை சோப்பு அடைத்திருந்தது. காற்று போகாவிட்டால் பெட்ரோல் எப்படி இறங்கும்? குண்டூசியால் குத்தி எடுத்தேன். என்ஜின் அரை மணி நேரம் சீராக ஓடியது. சதாசிவத்தின் முகம் மலர்ந்தது. எனக்கும் பெருமைதான்.

அவர் ஜீப்புக்குப் போனதும் கலியபெருமாள் பக்கத்தில் வந்தார்.

"அந்த ஓட்டைய நான்தாங்க அடச்சேன்."

ஏன் என்று கேட்டேன். திரும்பி நின்று சட்டையை மேலே தூக்கினார்.

இடுப்புக்கு மேலே, ஒரு முழ அகலத்துக்குத் தோலே இல்லை. கொப்புளங்கள் உடைந்து சட்டைத் துணி அங்கங்கே ஒட்டிக்கிடந்தது. கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

"குனிஞ்சிகினு சாக்கடையில அடிக்கும்போது பெட்ரோல் முதுகுல வழியுதுங்க. சோப்பு வெச்சதுக்கப்புறம் கொஞ்சம் ஆறிச்சு. அதனாலதான் மெஷின் நின்னுபோவுதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

சதாசிவத்திடம் சொல்லவில்லையா என்றேன். சொன்னால் நாளைக்கே வேறு ஆளைப் போட்டுக்கொள்வார், தான் பர்மனெண்ட் இல்லை என்றார்.

நான் என்ஜினை அணைத்து மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சதாசிவம் திரும்பி வந்து, ஓடுகிற மெஷினை ஏன் நிறுத்தினாய் என்று சத்தம் போட்டார். முதுகைப் பாருங்கள் என்றேன். பார்த்தார். பிறகு ஜீப்பைப் பார்த்தார். "இவ்ளோன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார், தாழ்ந்த குரலில். கலியபெருமாளை டாக்டரிடம் அவரே ஜீப்பில் ஏற்றிப்போனார்.

ஒரு ரேடியோ கடையில் ஈயம் பற்றவைக்கும் கருவி கிடைத்தது. மூடித் துளையில் மெல்லிய செப்புக் குழாயைப் பொருத்தி, மேலே உயர்த்தி நுனியை வளைத்தேன். புதுத் தோல் வாஷரும் போட்டேன். ஆள் குனிகிற அளவுக்குச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. என்ஜினும் நிற்கவில்லை. டாக்டரிடமிருந்து இருவரும் திரும்பியதும், புண் ஆறும்வரை கலியபெருமாளுக்கு மருந்து கலக்கும் வேலைதான் என்று சதாசிவம் சொன்னார். அதைக் கலியபெருமாள் எதிரிலேயே சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் மாலை வண்டிக்குக் கிளம்பினேன்.

மறுநாள் கோயம்புத்தூரில் கடை திறந்ததும், விற்பனைக்கு வைத்திருந்த புது மெஷினில் பெட்ரோல் ஊற்றினேன். முதலாளி என்ன என்று கேட்பதற்குள் அதை முதுகில் மாட்டிக்கொண்டு, சாக்கடைக்கு மருந்தடிக்கிற மாதிரி குனிந்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு இடுப்புக்கு மேலே சில்லென்று நனைந்தது. கொஞ்ச நேரத்தில் எரியத் தொடங்கியது.