ஆற்றில் விட்ட சேலை

சரியானதைச் சொல்கிற ஒருவரை ஏன் மதிக்க முடியாமல் போகிறது? தச்சநல்லூர் ஓவிய ஆசிரியர் சிவசண்முகத்தோடு பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி ஒருமுறையாவது வந்திருக்கும். தாமிரபரணி கெட்டுப்போகிறது என்பார், கெட்டுத்தான் போய்க்கொண்டிருந்தது. பாபநாசத்தில் திதி கொடுப்பவர்களும் தோஷம் கழிப்பவர்களும் துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள், படித்துறையே மூடிக் கிடக்கிறது என்பார், அதுவும் உண்மை. ஆனால் அவர் சொல்லும்போது ஆற்றைவிட அவரே பெரிதாகத் தெரிந்தார்.

ஆற்றுப் பாசனத்தில் இருந்த குடும்ப வயல்களை அப்பா விற்றபோது அவர் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. நாற்பது வயதுக்கு மேல், மதுரையில் யாரோ ஒருவரின் சொற்பொழிவைக் கேட்டுவிட்டு வந்து தூரிகையைக் கீழே வைத்தார். இனிப் படம் கிடையாது, பொருள்களே பேசும் என்றார். பொருள்கள் பேசியது குறைவு.

ஆற்றில் விட்ட துணிகளையே காட்சிக்கு வைப்பதென்று முடிவு செய்தார். ஆனால் துணிகளை அவர் எடுக்கவில்லை. படித்துறையில் துணி பொறுக்கிக் காயவைத்து, எண்ணெய் துடைக்க ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கொடுக்கும் நெல்லையப்பனிடம் வாங்கினார். கிழியாத, சாயம் போகாத சேலைகள் மட்டும் போதும் என்றார். நெல்லையப்பனும் நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தண்ணீரிலேயே விட ஆரம்பித்தார். கேட்டதற்கு, “கிழிசலை வேண்டாங்குதிய. பெறவு நான் எதுக்கு அண்ணாச்சி தண்ணிக்குள்ள கெடந்து வெறைக்கணும்?” என்றார். ஆற்றுக்காக ஒரு கலை. அதனால் ஆற்றில் துணி கூடியது. சிவசண்முகத்தை இது உறுத்தியதாகத் தெரியவில்லை.

1997இல் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வைத்தார். பெயர் ‘நதியின் நிர்வாணம்’. உடுத்திக் கிடக்கும் ஆற்றுக்கு எப்படி நிர்வாணம் என்று கேட்டால் அரைமணி நேரம் போய்விடும். கம்பிகளில் அறுபது சேலைகள். கணக்கு வாத்தியார் அசன் முகம்மது சுற்றிப் பார்த்துவிட்டு, “ஆடித் தள்ளுபடி மாதிரில்லா இருக்கு, வே” என்றார்.

நடுவில் ஒரு மயில்கழுத்து நிறச் சேலை. முந்தானையில் முக்கோணமாக ஒரு கருகல். ஆலைகள் நதிக்கு வைத்த சூடு என்று சிவசண்முகம் அதற்கு விளக்கம் சொன்னார். சென்னைக் கலைக்கூடம் ஒன்றிலிருந்து வந்தவர் அதன்முன் வெகுநேரம் நின்றார். பிப்ரவரியில் தங்கள் கூடத்தில் வைக்கலாம், இந்தச் சேலைதான் நடுவில் இருக்க வேண்டும் என்றார். இருபது வருஷம் பிள்ளைகளைப் பூச்சாடி வரையவைத்த மனிதர் காத்திருந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

மறுநாள் சித்ரலேகா என்று ஒரு வங்கி ஊழியர் வந்தார். விளக்கத்தை முழுதும் கேட்டார்.

“ஆலை இல்ல சார். பத்தாங்கிளாஸ் படிக்கும்போது நான் இஸ்திரி போட்டுச் சுட்டது. எங்க அம்மை சேலை.”

ஆற்றில் துணி போட்டது குற்றம் என்று சிவசண்முகம் அந்தப் பெண்ணுக்குப் பாடம் எடுத்தார்.

“தப்புதான். இனி விடமாட்டேன். ஆனா அம்மை போயிட்டான்னு மனசை ஆத்தி விட்டுட்டு வந்தேன் சார். நீங்க கொண்டாந்து தொங்க விட்டிருக்கிய.”

கண்காட்சி முடிந்ததும் சேலையைத் திருப்பித் தருவதாக சிவசண்முகம் சொன்னார். விட்டதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, ஆற்றோடுதான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு சித்ரலேகா போய்விட்டார். சிவசண்முகம் இதை ஆசிரியர் அறையில் பலமுறை சொல்லிச் சிரித்தார். ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் முட்டாளானாள்.

பிப்ரவரியில், சென்னைக்குச் சாமான் ஏற்ற வேண்டிய நாள் காலையில், அந்தச் சேலையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு பாபநாசம் பஸ் ஏறினார். நடந்ததை நெல்லையப்பன் சொல்லித்தான் தெரியும். படியில் நின்று சேலையை விரித்து விட்டிருக்கிறார். பத்தடி போனதும் அது கல்லில் மாட்டியது. நெல்லையப்பன் பழக்கத்தில் கையை நீட்டினார். “எடுக்காத” என்று சொல்லிவிட்டு, சட்டையோடு மார்பளவுத் தண்ணீரில் இறங்கிப் போய், சேலையை விடுவித்து ஆற்றோடு போகவிட்டார்.

வரவில்லை என்று சென்னைக்கு ஒரு கார்டு எழுதினார். சித்ரலேகாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஏன் அப்படிச் செய்தீர் என்று அசன் முகம்மது கேட்டபோது, மணி அடித்துவிட்டது என்று எழுந்து வகுப்புக்குப் போனார்.