றம்பொடை அருவிக்கு எதிரே

நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம் அது. நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேர இன்னும் மூன்று நான்கு வருஷம் இருந்தது. நாகர்கோவில் வடசேரிக்கு நான் மருமகளாக வந்த மறுவருஷம், என் கணவருக்குத் திடீரென்று இலங்கையைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. அவருடன் படித்த நண்பர் ஒருவர் கண்டியில் துணிக்கடையில் வேலையாக இருந்தார். வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போங்கள் என்று அவர் எழுதிக்கொண்டே இருந்தார். எங்கள் பாத்திரக்கடையை மாமனார் பார்த்துக்கொள்கிறேன் என்றதும் பயணம் முடிவாகிவிட்டது.

விஷயம் தெருவில் பரவியதும் ஆளுக்கு ஆள் வந்து யோசனை சொன்னார்கள். அந்த நாளில் எங்கள் பக்கத்தில் கொழும்பைப் பற்றி நாலு வார்த்தை பேசத் தெரியாத ஆளே கிடையாது. போய் வந்தவர்களாவது கொஞ்சம் அடக்கமாகச் சொன்னார்கள். போகாதவர்கள்தான் வரிந்து கட்டிக்கொண்டு சொன்னார்கள். கண்டி ஏரியைச் சாயங்காலம்தான் பார்க்க வேண்டும் என்றார் சந்தையில் காய்கறி வியாபாரம் செய்தவர். பேராதனைப் பூந்தோட்டத்துக்கு ஒரு பகல் போதவே போதாது என்றார் சர்ச் உபதேசியார். நுவரெலியாவில் குளிர் எலும்பைக் குடையும், கம்பளி இல்லாமல் போனால் பிணமாகத்தான் வருவீர்கள் என்று பயமுறுத்தினார் என் சின்ன மாமனார். அவர் தக்கலையைத் தாண்டிப் போனவரில்லை. நான் எல்லாருக்கும் பொதுவாகத் தலையாட்டி வைத்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் எதிர்வீட்டு அக்கா வந்தாள்.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் சுவரோடு சுவராக மூன்று வீடுகள். நடுவீடு அவளுடையது. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே அவள் கணவர் பிழைப்புக்காக இலங்கை போனார். முதலில் கடிதம் வந்தது. யுத்தம் வந்ததும் கடிதம் நின்றது. யுத்தம் முடிந்த பிறகும் வரவில்லை. காணாமல் போன ஒருவருக்காகப் பன்னிரண்டு வருஷம் காத்திருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கு மேலும் தகவல் இல்லையென்றால் இறந்துவிட்டதாகவே வைத்து, தர்ப்பைப் புல்லில் உருவம் கட்டி எரித்துக் காரியம் செய்துவிடுவார்கள். வருகிற ஆவணியோடு பன்னிரண்டு முடிகிறது, செய்துவிடலாம் என்று கொழுந்தன்மார் பேசி வைத்திருந்தார்கள். காரியம் முடிந்தால் அக்கா தாலியைக் கழற்ற வேண்டும். பூவும் பொட்டும் அன்றோடு போகும். உனக்குச் சம்மதமா என்று அவளிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத அக்கா, அன்று என் பெட்டிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, நுவரெலியா போற வழியில றம்பொடைன்னு ஒரு எடம் உண்டாம். பெரிய அருவியாம். கட்டாயம் பாத்துட்டு வா மக்கா."

"இத்தன பேரு சொன்னாவ, இத யாரும் சொல்லலியே. ஒங்களுக்கு யாருக்கா சொன்னா?"

"யாரோ சொன்னாவ. வண்டியில இருந்தே எட்டிப் பாத்துட்டு வந்திராத. எறங்கணும். எதுத்தாப்புல கொஞ்ச நேரம் நின்னு பாக்கணும்."

சுசீந்திரம் தேரோட்டத்துக்கு மேல் எதையும் பார்க்காத மனுஷிக்கு என்னென்ன ஆசை என்று நினைத்துக்கொண்டேன். அவளால் போக முடியாது, என் கண்ணாலாவது பார்க்கட்டும் என்று வாக்குக் கொடுத்தேன்.

பஸ், ரயில், மண்டபம் முகாமில் தடுப்பூசி, தனுஷ்கோடியில் கப்பல் என்று ஒருவழியாகக் கண்டி போய்ச் சேர்ந்தோம். கப்பலில் நான் வாந்தியெடுத்த கதை இங்கே வேண்டாம். ஏரியைப் பார்த்தோம், புத்தரின் பல்லை வைத்திருக்கும் மாளிகையைப் பார்த்தோம், தோட்டத்தில் கால் வலிக்கச் சுற்றினோம். நுவரெலியாவுக்குப் பஸ் ஏறிய அன்றுதான் எங்களுக்குள் சண்டை வந்தது. றம்பொடையில் இறங்கினால் அடுத்த பஸ் எப்போது வருமோ, நுவரெலியாவைப் பார்க்காமலே திரும்ப வேண்டியிருக்கும் என்றார் என் கணவர். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நான் பிடித்த பிடியை விடவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அவரும் இறங்கினார்.

இறங்கியதும் அவருடைய கோபம் போய்விட்டது. மலை உச்சியில் வேட்டியை உலர்த்தப் போட்டது மாதிரி வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தது அருவி. ஆனி மாதமாகையால் தண்ணீருக்குக் குறைவில்லை. சத்தம் நெஞ்சுக்குள் வந்து மோதியது. இரண்டு பக்கமும் தேயிலை பச்சைப் பசேலென்று இருந்தது. அடிக்கிற சாரலில் சேலை நனைந்து உடம்போடு ஒட்டியது. என் கணவர், "இங்க நின்னு நனையாண்டாம், ஒதுங்கு" என்று என்னைக் கூப்பிட்டார்.

"நனையாண்டாம்னு சொல்லணும்னா நாஞ்சில் நாட்டுக்காரங்கதான். உள்ள வாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

சாலையோரம் தகரக் கூரை போட்ட சின்னத் தேநீர்க் கடை. தேத்தண்ணிக் கடை என்பார்கள் அங்கே. கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். ஊர்ப் பேச்சைக் கேட்ட சந்தோஷத்தில் பெஞ்சைத் துடைத்துப் போட்டார். எந்த ஊர் என்றார். வடசேரி என்றோம். டீயை ஆற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வடசேரியில் எங்கே என்றார். தெருவைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு வீடாக விசாரித்தார். முக்குவீட்டுச் செட்டியார் இருக்கிறாரா, மாடு வளர்த்தவர்கள் இன்னும் வளர்க்கிறார்களா என்றெல்லாம் கேட்டார். எங்கள் எதிர்ச்சாரிக்கு வந்தார். இடப்பக்கத்து வீட்டைக் கேட்டார். வலப்பக்கத்து வீட்டைக் கேட்டார். நடுவில் இருக்கும் வீட்டை மட்டும் கேட்கவில்லை.

அக்கா எதற்காக என்னை எதிரே நின்று பார்க்கச் சொன்னாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நடுவீட்டு அக்காதான் இந்த அருவியப் பாத்துட்டு வரச் சொன்னாவ" என்றேன்.

அவருக்கு இருமல் வந்தது. சட்டென்று நிற்கிற இருமல் இல்லை. மூச்சு இழுத்துக்கொண்டு, பெஞ்சைப் பிடித்துக் குனிந்துவிட்டார். உள்ளேயிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். சிங்களத்தில் ஏதோ கடிந்துகொண்டே, ஆவி பறக்கும் இஞ்சித் தண்ணீரை அவர் கையில் கொடுத்து முதுகைத் தடவினாள். அவள் பின்னால் ஒரு சின்னப் பெண் குழந்தை எங்களைப் பார்த்து முழித்துக்கொண்டு நின்றது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தப் பெண் உள்ளே போனதும், என் கணவர் கையை அழுத்தியதையும் பொருட்படுத்தாமல் கேட்டுவிட்டேன்.

"ஆவணியில ஒங்களுக்குக் காரியம் செய்யப் போறாவ. புல்லுல உருவம் கட்டி எரிக்கப் போறாவ. தெரியுமா?"

அவர் அருவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நடக்கட்டும்மா. இனி நான் அங்க வந்து என்ன சொல்ல? செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். அவகிட்ட என்னயப் பாத்ததாச் சொல்லாண்டாம்."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்த பிறகு எனக்குத் திட்டவும் வாய் வரவில்லை. நுவரெலியா போகாமல், எதிரே வந்த பஸ்ஸில் ஏறிக் கண்டிக்கே திரும்பினோம். வழியெல்லாம் நானும் என் கணவரும் அதையே பேசினோம். சொன்னால் அக்கா உடைந்துபோவாள் என்றார் அவர். சொல்லாவிட்டால் தாலி போகுமே என்றேன் நான். பேச்சு முடியவில்லை.

ஊர் வந்து சேர்ந்ததும் தெருவே வீட்டில் கூடிவிட்டது. அக்கா வரவில்லை. மறுநாள் எல்லாரும் ஓய்ந்த மத்தியான நேரத்தில் வந்தாள்.

"அருவி நெறைய விழுதா?"

"நெறைய விழுதுக்கா."

"எதுத்தாப்புல நின்னு பாத்தியா?"

"பாத்தேன்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புருஷன் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள், வேறு எப்படித்தான் கேட்பாள்? அந்தப் பார்வைக்கு முன்னால் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"அங்க ஒரு கடை உண்டுக்கா. கடைக்காரரு நம்ம தெருவப் பத்தியெல்லாம் விசாரிச்சாரு."

அவள் கை கழுத்துக்குப் போயிற்று.

"அப்ப அவிய இருக்காவளா?"

"இருக்காவக்கா."

பிறகு அவள் அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை. புதுக்கடை ஊரிலிருந்து தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் போன யாரோ, அவரைப் போல ஒரு ஆளை அந்த அருவிக்கு எதிரே பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அதை அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. "என் வீட்டுக்காரரத் தேடிப் பாருன்னு கேட்டா நீ போயிருப்பியா? ஒன் மாமியாதான் விட்டிருப்பாவளா?" என்றாள். விட்டிருக்க மாட்டார்கள்தான். சிங்களப் பெண்ணையும் குழந்தையையும் பற்றி நான் சொல்லவில்லை. அவர் தனியாகத்தான் இருக்கிறாரா என்று அவளும் கேட்கவில்லை.

ஆவணி பிறந்ததும் கொழுந்தன்மார் நாள் குறிக்க வந்தார்கள். காரியம் வேண்டாம், அவிய இருக்காவ என்று அக்கா சொல்லியிருக்கிறாள். யார் பார்த்தது என்று அவர்கள் சத்தம் போட, என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். பெரியவர்கள் முன்னால் வாய் திறந்து பழகாதவள் நான். இருந்தாலும் முன்னால் போய் நின்று, "நான் பாத்தேன்" என்றேன். எங்கே, எந்த ஊரில் என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"எங்கன்னு கேட்டு இனி என்ன செய்யப் போறிய? தேடணும்னு இருந்தா இந்தப் பன்னிரண்டு வருசத்துல தேடியிருக்கணும்."

காரியம் நின்றது. தாலியும் பொட்டும் அவளிடமே இருந்தன. ஆனால் அவள் ஏக்கம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன், அது கூடத்தான் செய்தது. அடிக்கடி வந்து அந்த அருவியைச் சொல்லச் சொல்வாள். எவ்வளவு உயரம், கிட்டே போனால் பேச்சுக் கேட்குமா, ராத்திரியும் அந்தச் சத்தம் இருக்குமா என்று கேட்பாள். நானும் சலிக்காமல் சொல்வேன்.

ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை. எங்கள் வீட்டு அடுக்களையில் இரண்டு பேரும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம்.

"றம்பொடையிலயும் மழையா இருக்குமோ?" என்றாள்.

"இருக்கும்க்கா."

"அருவிச் சாரலு கடைக்குள்ள அடிக்குமா?"

"கொஞ்சம் அடிக்கும்."

கீரை உருவிய கை நின்றது. "அவியளுக்கு ஈரம் சேராது மக்கா. எளப்பு வந்திரும். பக்கத்துல இருந்து முதுகத் தடவிக் குடுக்கணும்."

அத்தனை மாதம் கேட்காததை அவள் கேட்டுவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. பொய் சொல்லவும் மனம் வரவில்லை, உண்மையை அப்படியே போட்டு உடைக்கவும் தைரியம் இல்லை.

"இருமுனா இஞ்சித் தண்ணி போட்டுக் குடுக்க ஆளு உண்டுக்கா" என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். சபிப்பாள் என்றுகூட நினைத்தேன். அவள் மறுபடியும் கீரையைக் கையில் எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"நல்ல சூடா குடுக்காளா?"

"சூடாத்தான் குடுத்தாக்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு அருவியைப் பற்றி அவள் கேட்டதே இல்லை. ஒருவர் மேல் உயிரை வைப்பது என்றால் என்னவென்று அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் சின்னதாகிப் போனது. இத்தனை வருஷம் கழித்தும் என் வீட்டுக்காரருக்குக் காப்பி கொடுக்கும்போது டம்ளரைத் தொட்டுச் சூடு பார்க்கிறேன்.