ஸ்டோருக்குப் புதுக் குழாய்

போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத்துக்குள் இருந்த எங்கள் வீட்டுக்கு மூன்று சுவர்தான் சொந்தம். நான்காவது சுவர் ஸ்டோருடையது. ஏலக்காய் உலர்த்தும் அறையைத்தான் அங்கே ஸ்டோர் என்போம். வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடும் புகையும் தகரக் குழாய்க்குள் புகுந்து, ஸ்டோரின் தரையைச் சுற்றிவிட்டுக் கூரைக்கு மேலே போகும். காய் எடுக்கும் மாதங்களில் அந்தச் சுவர் வெதுவெதுவென்று இருக்கும். மற்றவர்கள் குளிருக்குக் கம்பளி வாங்கினார்கள், நாங்கள் சுவரோடு ஒட்டிப் படுத்தோம். கோடையில் அடுப்பு அணைந்ததும் அதே சுவர் ஜில்லென்று ஆகிவிடும். போடி வெயிலில் வெந்துபோய் மேலே வரும் சொந்தக்காரர்கள் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, எங்களுக்கு ராச வாழ்க்கை என்பார்கள். மழைக்காலத்தில் அந்த ராச வாழ்க்கையை ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

சுவரோரம் அப்பாவின் இடம். அவருக்கு இளைப்பு. எழுபதுகளின் கடைசியில் ஒரு வருடம் இருமல் விடாமல் பிடித்துக்கொண்டது. மதுரைக்குப் போய் ஒரு மாதம் தங்கி வைத்தியம் பார்த்தே ஆகவேண்டும் என்று போடி டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கென்று அம்மா ஒரு மாவு டப்பாவில் பணம் சேர்த்தாள். டப்பா நிறைந்த ஆடியில்தான் குழாய் போனது.

துரு தின்று அங்கங்கே ஓட்டை. களிமண் அப்பி அப்பிப் பார்த்தோம், சூடு ஏறியதும் பெயர்ந்து விழுந்தது. புகை காயில் இறங்கிவிட்டால் போடி வியாபாரி ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு மூட்டையை ஓரமாகத் தள்ளிவிடுவார். சுவரின் விரிசல் வழியாகப் புகை எங்கள் பாய்க்கும் வந்தது.

அப்பா போடிக்குப் போய்த் தகரப் பட்டறையில் விலை கேட்டு வந்தார். குழாய் அடிக்க, அடுப்பை இடித்துக் கட்ட, ஜீப்பு வாடகை, ஜீப்பு போகாத தூரத்துக்குத் தலைச்சுமைக் கூலி. எல்லாம் சேர்த்தால் டப்பா காலி. அப்பாதான் அம்மாவுக்குச் சமாதானம் சொன்னார்.

"இந்தப் புகையக் குடிச்சுக் குடிச்சுத்தான் இருமுறேன். கொழாய மாத்திட்டா காயும் தப்பிக்கும், எனக்கும் இருமல் நின்னுரும். பெறகு மதுரை எதுக்கு?"

எங்களுக்கு அது நியாயமாகவே பட்டது. ஏலக்காய்க்காரர்கள் எதையும் ஸ்டோரை வைத்துத்தான் யோசிப்போம். காயில் வாடை அடித்தால் குழாயைப் பார், நிறம் வெளுத்தால் அடுப்பைப் பார். மனிதன் இருமினாலும் குழாயைத்தான் பார்த்தோம்.

புதுக் குழாய் வந்தது. வீட்டுக்குள் ஒரு இழைப் புகை இல்லை. அப்பா மட்டும் இருமிக்கொண்டே இருந்தார். பழைய புகை உள்ளே கிடக்கிறது, வெளியேற நாளாகும் என்றார். அம்மாவும் நானும் தலையாட்டினோம். அவருக்கு விறகு தூக்க மூச்சு இல்லாததால் அடுப்பு என் பொறுப்பானது. எனக்கு அப்போது கல்யாண வயது. வருகிற மாப்பிள்ளைக்கு விறகு வெட்டத் தெரிந்த பெண் கிடைக்கப் போகிறாள் என்று அப்பா கேலி செய்வார். சிரித்து முடிப்பதற்குள் இருமல் வந்துவிடும்.

கார்த்திகையில் ஒரு விடிகாலை அந்த இருமல் நின்றது. ஸ்டோர் நிறையப் பச்சைக்காய் தட்டுகளில் காய்ந்துகொண்டிருந்தது. பாதியில் சூடு இறங்கினால் அத்தனையும் வெளுத்துவிடும்.

போடியிலிருந்து பெரியப்பா ஜீப்பில் வந்தார். தம்பியின் முகத்தைப் பார்த்து அழுதார். பிறகு கூரைக்கு மேலே புகையைப் பார்த்தார்.

"எழவு வீட்ல அடுப்பு எரியக்கூடாது ஆத்தா. போயி அணைச்சுரு."

வாளியில் தண்ணீரை எடுத்துக்கொண்டு நடந்தேன். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா என் சேலையைப் பிடித்தாள்.

"அணைக்காத. ஆஸ்பத்திரிக்கு வச்ச காசுதான் அதுல எரியுது. எரிஞ்சு முடியட்டும்."

எங்கள் வழக்கப்படி இறுதிக் காரியங்கள் போடியில்தான். அப்பாவைத் தூளி கட்டி ஜீப்பு நின்ற இடம்வரை தூக்கிப் போனார்கள். அம்மாவும் தோட்டத்து ஆட்களும் கூடப் போனார்கள். அடுப்புக்கு ஆள் வேண்டும் என்று நான் நின்றுவிட்டேன்.

விறகு தள்ளினேன். உள்ளே வந்து அப்பாவின் பாய் கிடந்த இடத்தில் சுவரில் சாய்ந்தேன். சுவர் எப்போதும்போல வெதுவெதுவென்று இருந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வராதது வருத்தமாகவும் இல்லை. விறகு தீர்ந்திருக்கும் என்று தோன்றியதும் எழுந்து போனேன். அந்தப் பகல் முழுவதும் அப்படியே கழிந்தது.

காய் நல்ல பச்சையாக இறங்கியது. அப்படியொரு நிறம் எங்கள் ஸ்டோரில் அதற்குமுன் இறங்கியதில்லை. பெரியப்பாவே அதைப் போடிக்குக் கொண்டுபோய் விற்று, பணத்தை அம்மாவின் கையில் கொடுத்தார். மதுரையில் ஒரு மாதம் தங்கி வைத்தியம் பார்க்கப் போதுமான பணம். அம்மா அதை எண்ணிப் பார்க்கவில்லை. அந்த மாவு டப்பாவை எடுத்து, உள்ளே வைத்து மூடினாள்.