மூன்றாம் நம்பர் மலையில் ஒரு தேன்கூடு

பூச்சிகளின் பரிணாமத்தை ஆராய்கிறவனிடம் ஊர் கேட்பது ஒன்றுதான்: இதை எப்படிச் சாகடிப்பது? வலையும் குப்பியுமாகத் திரியும் நண்பர்களே, உங்களுக்கும் இது பழகியிருக்கும்.

பெயர்

கந்தப்பளைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கொழுந்து பறிக்கும் மூன்றாம் நம்பர் மலைக்கு நடுவே, டர்பன்டைன் என்று அங்கே சொல்லும் யூகலிப்டஸ் மரம் ஒன்று. அதன் கிளையில் பெரிய கூடு. போன பருவத்தில் அங்கே ‘குளவி’ கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தவர், கொழுந்து பறிக்கும் பரமேஸ்வரி. அவரிடம் போய், “இது குளவி இல்லைங்க, மலைத்தேனீ. மனுசன் வர்றதுக்கு ரொம்ப முந்தியே வந்தது” என்று விளக்கினேன். கூடையை இறக்காமலே கேட்டார்:

“கொட்டுறப்ப, நீ யாருன்னு விசாரிச்சுக்கிட்டா சார் ஓடுவோம்?”

சிவப்புத் துணி

கூட்டைக் கொளுத்தத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை நாள் பார்த்திருந்தார். பருவம் மாறினால் தேனீக்கள் தாமாகவே இடம்பெயரும், அதுவரை மரத்தடியில் பறிக்க வேண்டாம் என்று மன்றாடினேன். என் பொறுப்பில் விட்டார். மரத்தைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டினேன். நான் காப்பாற்றுவது தேனீயையா, என் ஆராய்ச்சியையா என்ற கேள்வி உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. கடைசி முடிச்சைப் போடும்போது கங்காணி சொன்னார்:

“கூட்டுக்குக் காவல் போட்டாச்சுங்க. ஆளுகளுக்கு யாரு காவல்?”

பருந்து

ஒரு முற்பகல், பருந்து ஒன்று பாய்ந்து கூட்டைக் கிழித்தது. கீழே படம் எடுத்துக்கொண்டிருந்த என்மேல் தேனீக்கள் கூட்டமாக இறங்கின. பயத்தில் நேரே பெண்கள் பறித்துக்கொண்டிருந்த நிரையை நோக்கி ஓடினேன், தேனீக்களையும் இழுத்துக்கொண்டு. “இங்கிட்டு வராதீங்க சார்! கானுல படுங்க!” என்று கத்தினார் பரமேஸ்வரி. வடிகானில் விழுந்தேன். மற்றவர்கள் லயத்து வீடுகள் பக்கம் ஓடினார்கள். அவரோ இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து, ஓடிவந்து என்மேல் போர்த்தினார். என் காதில் கொட்டு, அவர் முகமெல்லாம் கொட்டு.

தோட்டத்து மருந்தகத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். “கொட்டுனது இப்ப என்ன ஆகும் சார்?” என்றார். செத்துப்போகும் என்றேன். அவர் கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. முகத்தை என் பக்கம் திருப்பிச் சொன்னார்:

“அதுக்கு முடிஞ்சு போச்சு. நான் நாளைக்கும் அதே மலைக்குத்தான் போவணும். யாரு பாவம்னு நீங்களே சொல்லுங்க.”

அன்று மாலை, கொளுத்தலாமா என்று துரை கேட்டபோது சரியென்று தலையாட்டியவன் நான்தான். ஓர் உயிரும் அழியக் கூடாது என்று மேடைகளில் பேசும்போது மட்டும் மூன்றாம் நம்பர் மலையைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிறேன்.